அயலுயிருக்கும் ஒரு திணை வேண்டும்

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவோருக்கும், அக்கதைகளைத் தேர்ந்து வெளியிடும் இதழாசிரியர்களுக்கும், போட்டிகளில் நடுவர்களாக அமர்வோருக்கும்,

வணக்கம்.

கல்லூரியொன்றில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு ஓர் அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை முதற்சுற்றில் படித்து, அவற்றிலுள்ள அறிவியல் பிழைகளைக் குறித்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 47 கதைகள் வந்தன; அவற்றுள் 29 கதைகளில் வேற்றுலகவாசிகள் இருந்தார்கள். எல்லாவற்றையும் படித்து, ஓரங்களில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியபோது, “கதைதானே ஐயா, இவ்வளவு பார்க்க வேண்டுமா?” என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார். அன்று எனக்குச் சட்டென்று சொல்ல வராத விடைதான் இந்த மடல்.

அந்த 29 கதைகளில் பெரும்பாலானவற்றில் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே குடும்பத்தார். பெருந்தலை, மெலிந்த கழுத்து, பச்சைத் தோல், கைக்கு நான்கு விரல். வந்து இறங்கியதும் நம் காற்றை இழுத்து மூச்சுவிடுகிறார்கள், நம் வெயிலில் நிற்கிறார்கள், கொடுத்த இட்லியைத் தின்று செரித்தும்விடுகிறார்கள். அவர்கள் தமிழ் பேசியது எனக்கு உறுத்தவில்லை. தமிழ்க் கதையில் பாரிஸ் நகரத்துப் போலீஸ்காரரும் தமிழில்தான் பேசுகிறார். உறுத்தியது, அவர்களுக்கு ஊர் இல்லாததுதான். கிரகத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கிரகம் அவர்கள் உடம்பில் எங்கும் தென்படவில்லை.

இதை நமக்கு வெளியார் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், உணவும் விலங்கும் மரமும் பறையும் தொழிலும் தெய்வமும் அந்த நிலத்தில் கருக்கொள்வன என்றும், அவற்றின் நடுவே வைத்துத்தான் மாந்தரின் பிரிவையும் கூடலையும் பாட வேண்டும் என்றும் வகுத்துக்கொண்டு பாடிய மரபு நம்முடையது. நெய்தல் தலைவியின் இரவில் கடலோசை இருக்கும், புன்னை இருக்கும், உப்பின் வாடை இருக்கும். அவளை அப்படியே தூக்கிக் குறிஞ்சியில் வைத்தால் பாட்டே வேறாகிவிடும். திணை மயக்கம் உண்டே என்று தமிழாசிரியர் யாரேனும் கேட்பார். உண்டுதான், ஆனால் மயங்குவதற்கு முதலில் இரண்டு திணைகளாவது இருக்க வேண்டும். ஆகவே நான் கேட்பது, வேற்றுலக உயிரைப் படைக்கும்போதும் முதற்பொருளிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். எந்த விண்மீனின் ஒளியில், எவ்வளவு ஈர்ப்பில், எந்த வெப்பத்தில், எந்த நீர்மத்தில் அது வளர்ந்தது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், அதன் உடலும் உணவும் கருவியும் மட்டுமல்ல, அதன் துயரமும் அங்கிருந்தே வரும்.

விண்மீனை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் தங்கள் மாந்தரைத் திருவாதிரையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். ஆசை புரிகிறது: நம் வாயில் வழங்கும் பெயர், மார்கழி முன்னிரவில் கிழக்கே செக்கச்செவேலென்று எழும் மீன். ஆனால் திருவாதிரை, சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நிறைகொண்ட, சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடக்கூடிய பூத விண்மீன். இத்தகையவை தம் எரிபொருளை ஊதாரியாகச் செலவழிப்பவை. சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் என்றால், திருவாதிரைக்கு ஒரு கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதிலேயே அந்திமக்காலம் வந்துவிட்டது. ஒரு கோடி வயதில் நம் பூமி முழுதாக உருவாகிக்கூட முடிந்திருக்கவில்லை. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். உயிரின் தெளிவான பழந்தடயங்கள் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. விலங்கு என்று சொல்லத்தக்கவை தோன்றிச் சுமார் 60 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இடைப்பட்ட நெடுங்காலம் முழுதும் இங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே ஆண்டன. திருவாதிரையின் கோளில் பிறந்து வளர்ந்த நாகரிகம் என்று எழுதினால் கணக்கு உதைக்கும். அந்த விண்மீன் வெடிப்பதை அருகிலிருந்து காண எங்கிருந்தோ வந்து தங்கியவர்கள் என்று எழுதினால் அதுவே கதையாகிவிடும்.

ஆயுள் நீண்ட விண்மீன் வேண்டுமென்றால் சிவப்புக் குறுமீன்கள் இருக்கின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானவை என்பதால் நம் முன்னோர் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் குறுமீனைப் பூமியளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுவது 2017இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் ஓராண்டு என்பது ஒன்றரை நாளிலிருந்து 19 நாளுக்குள் முடிந்துவிடுகிறது. அவ்வளவு நெருங்கிச் சுற்றுவதால், நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல், அவையும் தம் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்றே கருதுகிறார்கள். ஒரு பாதியில் மாறாப் பகல், மறு பாதியில் மாறா இரவு, இடையில் ஒரு வளையமாக நீங்காத அந்தி. அங்கே கிடைக்கும் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு என்பதால், கிடைக்கும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் கறுப்பு இலைகளை ஒருவர் கற்பனை செய்தால் அதில் தவறில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் பார்த்தபோது, உள்ளே முதலில் இருக்கும் கோளில் காற்று மண்டலத்துக்கான அறிகுறி தென்படவில்லை. வெளியே உள்ளவற்றில் கதைக்கு இன்னும் இடமிருக்கிறது.

அடுத்தது உடம்பின் அளவு. இதில் நான் சற்றுக் கூடுதலாகவே பேசுவேன். என் பிழைப்பு அது. இளங்கலை செய்முறை வகுப்பில் கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் ஊசியால் இறுக்கி, முதுகு ஓட்டை நீக்கி, நீர் விட்டுப் பார்த்தால், வெண்கொழுப்பின் நடுவே வெள்ளிச் சரிகைபோல் மினுங்கும் இழைகள் கிளைவிட்டு ஓடுவது தெரியும். அவை மூச்சுக்குழல்கள், உள்ளே காற்று இருப்பதால்தான் அந்த மினுக்கம். கரப்பானுக்கு நுரையீரல் இல்லை, ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தமும் இல்லை. பக்கவாட்டுத் துளைகள் வழியே நுழையும் காற்று இந்தக் குழல்களில் பரவித் திசுவரை நேராகப் போய்ச் சேர வேண்டும். தூரம் இரு மடங்கானால் பரவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். இப்போது அந்தக் கரப்பானைப் பத்து மடங்கு நீளமாக்குங்கள். எடை ஆயிரம் மடங்காகிறது. அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். கலிலியோ இந்தக் கணக்கை 1638லேயே எலும்புப் படத்தோடு விளக்கிவிட்டார். 1926இல் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் உயிர்களின் சரியான அளவைப் பற்றி எழுதிய கட்டுரையை நான் ஒவ்வோராண்டும் முதல் வகுப்பில் படித்துக்காட்டுவேன். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த மனிதர் அவர். ஆகவே, ஊரை மிதித்து நசுக்கும் வண்டு, பேருந்து நீளச் சிலந்தி என்று வரும் கதைகளில் அந்தப் பிராணி ஊரை நசுக்குமுன் தன் காலை ஒடித்துக்கொண்டு மூச்சுத்திணறிச் செத்திருக்கும்.

பெரும்பூச்சி வேண்டவே வேண்டும் என்றால் வழியும் இருக்கிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் சிறகு விரித்தால் 65, 70 சென்டிமீட்டர் அகலம் வரும் தட்டான் போன்ற பூச்சிகள் பறந்தன. அன்று காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 விழுக்காட்டைவிட வெகுவாகக் கூடியிருந்தது, 30 விழுக்காட்டுக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பூச்சிகளின் பருமனுக்கு அதுவே முழுக்காரணமா என்று வாதங்கள் உண்டு. கதைக்கு அது போதும். ஆனால் ஆக்சிஜனை ஏற்றினால் அதோடு வருவதையும் ஏற்க வேண்டும். அத்தகைய காற்றில் ஈரக்காடும் பற்றியெரியும். அந்த உலகில் அந்திக்கு ஓர் அகல் விளக்கு ஏற்றுவது ஊரைக் கொல்லும் குற்றமாக இருக்கலாம். பெரிய பூச்சியைவிட எனக்கு அந்த விளக்கேற்றாத ஊரின் மீதுதான் ஆவல்.

சிலிக்கான் உயிர்களுக்கு வருகிறேன். ஏழு கதைகளில் இருந்தார்கள். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே சிலிக்கான் இருக்கிறது, அதற்கும் பிற அணுக்களோடு பிணைய நான்கு கைகள், எனவே கார்பனுக்குப் பதிலாக அதை வைத்துவிடலாம் என்பது கணக்கு. பூமியின் மேலோட்டில் எடையளவில் 28 விழுக்காடு சிலிக்கான். அதோடு ஒப்பிட்டால் கார்பன் ஊறுகாய் அளவுக்குக்கூட இல்லை. அப்படியிருந்தும் இங்கே உயிர் கார்பனைத்தான் தேர்ந்தது என்பதிலேயே விடை இருக்கிறது. நாம் உண்ட கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வளியாகி மூச்சில் வெளியேறிவிடுகிறது. சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் மணலாகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பிடி மணலைத் துப்ப வேண்டிய உயிரை நினைத்துப் பாருங்கள். நம் உயிர்கள் சிலிக்கானை அறியாதவை அல்ல. களையெடுக்கும்போது நெற்றாள் கையை அறுக்கிறதே, அந்த அரத்தில் இருப்பது சிலிக்கா. அரிசி ஆலை வாசலில் கொட்டிக் கிடக்கும் உமிச்சாம்பலில் பெரும்பங்கு அதுதான். நெல் அதை வேலியாக வைத்துக்கொண்டதே தவிர, உயிராக வைத்துக்கொள்ளவில்லை. எனினும் கதவு முழுதாக மூடவில்லை. 2016இல் அமெரிக்க வேதிப் பொறியாளர் ஃபிரான்சஸ் ஆர்னால்டின் ஆய்வுக்கூடத்தில், வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியா ஒன்றின் புரதத்தைச் சற்றே மாற்றி, உயிருள்ள செல்லுக்குள் கார்பனையும் சிலிக்கானையும் பிணைய வைத்தார்கள். இரண்டையும் கலந்து நெய்யும் உயிர் ஒன்றை எழுத அது போதுமான நூல்நுனி. (அறிவியலும் இதில் சறுக்கியதுண்டு. பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைக் கொண்டு வாழும் பாக்டீரியா என்று 2010இல் பெரும் முழக்கத்தோடு வந்த ஆய்வுக்கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2025இல் திரும்பப் பெற்றது.)

குளிர் உலகங்களை நம்மவர்கள் ஏனோ தொடுவதே இல்லை. சனியின் நிலவான டைட்டனில் தரையின் வெப்பநிலை மைனஸ் 179 பாகை செல்சியஸ். அங்கே ஏரிகள் உண்டு, மழை உண்டு. ஆனால் அது மீத்தேன் மழை. தண்ணீர் அங்கே பாறை. ஈர்ப்பு நம்மதில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நம்மதைவிட அடர்த்தி. இறக்கை கட்டிக்கொண்டு கையசைத்தால் மனிதனே பறக்கலாம். அங்கே ஓர் உயிர் இருந்தால் அது எப்படி இருக்கும்? பத்துப் பாகை குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்று பள்ளியில் சொல்லித்தருவோமே, அந்த விதியை நம் உடல் வெப்பத்திலிருந்து அங்கே வரை அப்படியே நீட்டினால் முப்பது லட்சம் மடங்குக்கும் மேல் மந்தம் என்று வருகிறது. விதி அவ்வளவு தூரம் நீளாது என்பதை அறிவேன், திசை சரி. 2005 ஜனவரி 14 அன்று ஐரோப்பாவின் ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தரையிலிருந்து செய்தி அனுப்பிவிட்டு அடங்கியது. அந்தக் கரையில் அப்படியொரு மந்த உயிர் இருந்திருந்தால், நம் கலம் பேசிய முழு நேரமும் அதற்கு ஓர் இமைப்பொழுது தேறாது. நாம் கைகுலுக்க நீட்டும் கை அதைவிட 216 பாகை சூடானது. அதற்கு நம் உள்ளங்கை உலைவாய். போரும் சதியும் இல்லாமலே இந்தச் சந்திப்பு சோகமாக முடியும்.

உணவும் கலப்புமணமும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள், இடக்கையும் வலக்கையும்போல், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் அமையக்கூடியவை. நம் புரதங்கள் அனைத்தும் இடக்கை வாகான அமினோ அமிலங்களால் ஆனவை. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் பூமிக்கு வந்த மண்ணில், நம் புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025இல் அறிவித்தார்கள். இடவாகும் வலவாகும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. ஆகவே எந்தக் கை என்பது அங்கங்கே நிகழ்ந்த தற்செயலாக இருக்கலாம். வலக்கை உலகத்திலிருந்து வந்தவர் நம் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டும் பட்டினியால் மெலிவார். விருந்தோம்பலைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள் எழுத வேண்டிய கதை அது. பிள்ளைப்பேற்றைப் பொறுத்தவரை, குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையே பொதுவாக மலடு. மனிதனுக்கு வேற்றுலகவாசியைவிட வயலில் நிற்கும் நெற்பயிர் நெருங்கிய சொந்தம்.

தொழில்நுட்பமும் கருப்பொருள்தான், அதுவும் நிலத்திலிருந்தே வர வேண்டும். மன்னார் வளைகுடா மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸைப் பாருங்கள். மூன்று இதயங்கள், இரும்புக்குப் பதில் செம்பு கலந்த நீல இரத்தம், ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் மூன்றில் இரு பங்கு கைகளில். நம் கண்ணில் உள்ள குருட்டுப்புள்ளி அதன் கண்ணில் இல்லை. இவ்வளவு அறிவுள்ள பிராணி ஏன் ஒரு கொடுவாளும் செய்யவில்லை? நீருக்கடியில் நெருப்பு இல்லை. நெருப்பின்றி உலோகம் இல்லை. அதைவிடப் பெரிய தடை, பொதுவாகக் காணப்படும் ஆக்டோபஸ் ஓரிரு ஆண்டுகளே வாழ்ந்து, முட்டையிட்டுக் காத்ததும் செத்துப்போகிறது என்பது. தாய் கற்றதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆளில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஆனாவிலிருந்து தொடங்குகிறது. கடல்வாழ் அறிவுயிரை எழுதுவோர் முதலில் இந்த இரண்டையும் கடந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால், உலோகமே அறியாத, வளர்த்தெடுத்த உயிர்களையே கருவிகளாகக் கொண்ட ஒரு நாகரிகம் கையில் கிடைக்கும்.

பயணத்துக்கும் ஒரு விலை உண்டு. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் 4.24 ஒளியாண்டைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவு அது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால், 1,000 டன் கலம் ஒன்றை அந்த வேகத்துக்குக் கொண்டுவர மட்டும், உலகம் முழுதும் ஓராண்டில் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வேண்டும். நிறுத்துவதற்கான செலவு தனி. வழியில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால் 100 கிலோ வெடிமருந்து வெடித்ததற்குச் சமம். பயன்படுத்திய ஆற்றலெல்லாம் கடைசியில் வெப்பமாகும். வெற்றிடத்தில் அதை அள்ளிச்செல்லக் காற்றில்லை, கதிராக வீசித்தான் கழிக்க வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே அதற்கெனப் பெரிய வெண்தகடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து வரும் கலம் என்று எழுதும்போது, அதன் சூடு எங்கே ஒளிந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். இத்தனையும் கடந்து வந்தவர்களை ஓர் ஊர்ச் சிறுவன் உண்டிவில்லால் அடித்து வீழ்த்தும் கதையும் எனக்கு வந்தது. சிறுவனை எனக்குப் பிடித்திருந்தது, வந்தவர்களுக்காகத்தான் வருந்தினேன்.

ஒளியை மிஞ்சும் வேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதைக்கு ஒரு வரம் கேட்டுக்கொள்ளுங்கள், தருகிறோம். வரம் தந்தபின் அதன் விளைவுகளை மறைக்காதீர்கள் என்பதே வேண்டுகோள். இதழாசிரியர்களும் நடுவர்களும் ஒன்று செய்யலாம். கதையோடு, அச்சிடுவதற்கு அல்லாமல் தங்கள் பார்வைக்கு மட்டும், அரைப்பக்கக் குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த உயிரின் சூரியன் எப்படிப்பட்டது, நாள் எவ்வளவு நீளம், தரை எவ்வளவு இழுக்கிறது, அது எதை உண்டு எதை வெளியேற்றுகிறது, அது யாருக்கு இரை என்பது அதில் இருக்கட்டும். கதைக்குள் அந்தக் குறிப்பின் ஒரு வரிகூட வர வேண்டியதில்லை. அருகிலுள்ள கல்லூரியில் இயற்பியலோ உயிரியலோ படிக்கும் மாணவர் ஒருவரிடம் அதைக் காட்டினால் அரைமணி நேரத்தில் ஓட்டைகளைச் சொல்லிவிடுவார். மாணவர்களுக்கு அதில் பெருமகிழ்ச்சி உண்டு என்பது என் அனுபவம்.

அந்த 47 கதைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நீங்காத அந்தியில் வாழும் ஒரு பெண் வேற்றுலகவாசி, விபத்தால் பூமியில் இறங்கி, ஒரு சிற்றூர்ப் பள்ளியின் திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். சூரியன் நகர்வதைக் காண்கிறாள். அவள் உலகில் அது நகர்ந்ததே இல்லை. மாலையாகிறது, அது மேற்கே இறங்குகிறது, அவள் கதறுகிறாள். பள்ளிக் காவலர் ஓடிவந்து, என்ன ஏது என்று புரியாமல், “நாளைக்கு வந்துரும்மா” என்கிறார். அவள் மொழியில் நாளை என்பதற்குச் சொல் இல்லை. இரவு முழுதும் அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் கதை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெயர்களை நீக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். அதன் ஓரத்தில் நான் பென்சிலை வைக்கவே இல்லை. சண்டைக்காட்சி இல்லை என்ற காரணத்தால் அது இரண்டாம் சுற்றுக்குப் போகவில்லை என்று பிறகு அறிந்தேன். அந்தப் படி இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதை எழுதியவர் இம்மடலைப் படிக்க நேர்ந்தால், வேறு ஓர் இதழுக்கு அதை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். கிடைக்கும் இதழாசிரியர் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்